என்லார்ஜருக்கு எல்இடி பல்பு: வாட் மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளில் குண்டு பல்பு உற்பத்தி நின்றுவிட்டதால், பிலிம் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரின்ட் போடும் கருவியான என்லார்ஜருக்கென்றே வந்த 75 வாட், 150 வாட் பால்நிற பல்புகள் அரிதாகிவிட்டன. பல்பு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, லென்ஸும், ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் வில்லையும் பழுதில்லாத என்லார்ஜர்கள் பழைய இரும்புக்குப் போவது வேதனை. வீட்டு எல்இடி பல்பை மாட்டிக் கறுப்பு வெள்ளைப் பிரின்ட் தாராளமாகப் போடலாம். ஆனால் கையில் கிடைத்ததை மாட்டினால் தாள்தான் பாழாகும்.

முதலில் ஒளியின் நிறம். ஒளியின் நிறத்தைப் பொறுத்துக் கான்ட்ராஸ்ட் மாறும் மல்டிகிரேடு தாளில் நீல ஒளி கான்ட்ராஸ்டைக் கூட்டும், பச்சை ஒளி குறைக்கும். மஞ்சள் பில்டர் நீலத்தைத் தடுக்கிறது, மெஜந்தா பில்டர் பச்சையைத் தடுக்கிறது. பில்டர்களின் எண்கள் (கிரேடுகள்: 00 மென்மை, 5 கடினம்) எல்லாம் ஏறத்தாழ 2900 கெல்வின் டங்ஸ்டன் ஒளியை வைத்துக் குறிக்கப்பட்டவை. வெள்ளை எல்இடியில் நடப்பது வேறு. 450 நானோமீட்டர் அருகே நீலம் கூர்மையாக எழும், 480 அருகே ஒரு பள்ளம், அதன்பின் பாஸ்பர் பூச்சு தரும் அகன்ற பச்சை, மஞ்சள், சிவப்பு. 2700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பில் நீலம் குறைவு என்பதால் 4, 5 கிரேடுகளில் நேரம் எக்கச்சக்கமாக நீளும். 6500 கெல்வின் பல்பிலோ பில்டர் இல்லாமலே பிரின்ட் கடினமாக வரும். இதைப் பார்த்துவிட்டுத் தாள் பழசு, பில்டர் வெளுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், காரணம் பல்புதான். 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான பல்பே நல்ல நடுவழி.

எந்தப் பல்பானாலும் கிரேடுகளை மீண்டும் அளந்தே ஆக வேண்டும். 00 முதல் 3½ வரை ஒரே நேரம், 4 முதல் 5 வரை இரட்டிப்பு நேரம் என்ற பழைய கணக்கு எல்இடியில் பொருந்தாது. படிக்கு அரை ஸ்டாப் வீதம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) கறுத்துக்கொண்டே போகும் 21 படிகள் கொண்ட ஸ்டெப் வெட்ஜ் என்ற பிலிம் துண்டைத் தாள்மேல் வைத்து ஒவ்வொரு பில்டருக்கும் ஒரு கான்டாக்ட் பிரின்ட் போடுங்கள். முழுக் கறுப்புக்கும் தாள் வெள்ளைக்கும் இடையே உள்ள சாம்பல் படிகளை எண்ணுங்கள். கிரேடு 2 என்றால் ஏறத்தாழ 7 படி, கிரேடு 5 என்றால் ஏறத்தாழ 3 படி வரும். மாறி வந்தால், அந்தப் பில்டர் உங்கள் பல்பில் உண்மையில் என்ன கிரேடு என்பதை அதன் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு மாலை வேலை. பிறகு மாதக்கணக்கில் தாள் மிச்சம்.

அடுத்தது வடிவம். கண்டென்சர் என்லார்ஜர் பல்பின் பரப்பையே லென்ஸுக்குள் குவிக்கிறது. ஆகவே கண்ணாடி வழியே இழைகள் தெரியும் எல்இடி உதவாது, மேஜையில் கீற்றுக் கீற்றாக விழும். மங்கலான முழுக் குமிழ் உள்ளதாகவும், குமிழ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லதாகவும் எடுங்கள். எல்இடியின் பின்பாதி ஒளி ஊடுருவாத கூடு என்பதால் ஒளிரும் பகுதி பழைய இடத்தில் நிற்காது. பல்புத் தண்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். நெகட்டிவ் இல்லாமல், கிரேடு 5 பில்டருடன், நடுச் சாம்பல் வருமாறு ஒரு முழுத்தாளை எக்ஸ்போஸ் செய்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலைச் சரிவும் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

அதிகம் ஏமாற்றுவது, பல்பை எரித்து அணைக்கும் டைமர். சில டைமர்களில் ரிலே (சுவிட்ச்) முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே சுமார் 7 மில்லிஆம்பியர் வரை கசியும். குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடியோ அணைத்த பிறகும் மினுக்கும், மேஜையில் வைத்த தாள் மூட்டமாகிவிடும். டைமரை அணைத்து, தாளைப் பாதிக்காத இருட்டறை விளக்கான சேஃப்லைட்டையும் அணைத்து, 5 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு லென்ஸைப் பாருங்கள். மினுக்கம் இருந்தால் டைமருக்குப் பின்னால் ஒரு சிறு குண்டு பல்பை இணையாகப் போட்டு, அதன் ஒளி தாளில் படாதபடி பெட்டியில் மூடுங்கள். வயர் வேலை எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். டிம்மர் வேண்டவே வேண்டாம்.

எரியத் தாமதமும் அணைந்தபின் மிச்ச ஒளியும் இன்னொரு கோளாறு. தாமதம் 0.5 வினாடி, மிச்ச ஒளி 0.3 வினாடி என்று வைத்துக்கொண்டால், 3 வினாடி வீதம் ஐந்து தடவை கொடுத்த டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் (நேரத்தைக் கண்டறியப் போடும் சோதனைத் துண்டு) மொத்தம் 1 வினாடி காணாமல் போகும். அதைப் பார்த்து ஒரே தடவையாக 15 வினாடி கொடுத்த பிரின்ட் கறுத்துவிடும். விளக்கை எரியவிட்டு, லென்ஸுக்குக் கீழே அட்டையைப் பிடித்து எடுத்து நேரம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

75 வாட் பால்நிற பல்புக்குப் பதில் 7 முதல் 9 வாட் எல்இடி போதும். நேரம் 10 வினாடிக்குக் கீழே போனால் லென்ஸ் துளையை எஃப் 16 வரை சிறிதாக்காதீர்கள், கூர்மை குறையும். பில்டர் தட்டில், நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் நியூட்ரல் டென்சிட்டி பில்டர் வையுங்கள். சூடு குறைவதால், நெகட்டிவைப் பிடிக்கும், கண்ணாடி இல்லாத கேரியரில் நெகட்டிவ் நடுவே வளைந்து ஃபோகஸ் தவறுவதும் வெகுவாகக் குறையும். எல்இடியின் உண்மையான லாபம் இதுதான்.

வண்ணப் பிரின்டுக்கு இந்த வெள்ளைப் பல்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்ணத் தாள் எதிர்பார்க்கும் ஆழ்சிவப்பு இவற்றில் மிகக் குறைவு.

பொருத்தமான பல்பு அமைந்ததும் அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள். பெட்டி மாறாமலே உள்ளே சிப்பும் பாஸ்பரும் மாறிவிடலாம். அப்படி மாறினால் ஸ்டெப் வெட்ஜ் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்