நாடி கிடைக்காத நோயாளியும் நம் பம்பும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தளர்ந்த இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் இதயப் பம்பு பொருத்தப்பட்ட ஒருவரை முதன்முதலாகப் பரிசோதித்தபோது மணிக்கட்டில் நாடியைத் தேடித் தேடி நீ திகைத்ததையும், அவரோ கையிலிருந்த செய்தித்தாளை மடிக்காமலே “டாப்ளர் கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், டாக்டர்” என்று, ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அறியும் கருவியைச் சொல்லி உனக்கு வழிகாட்டியதையும் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நாடி அடங்கியது என்றாலே உயிர் போயிற்று என்று பொருள்கொள்ளும் மொழியில் வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர்ப் பம்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டு இதயப் பம்பு செய்யும் இந்த ஆய்வுக்குழுவில் சேர்ந்த எனக்கும் அது பழகச் சில மாதங்கள் பிடித்தன.

முன்னோடிகள் பலரும் இதயத்தைப் போலவே துடிக்கும் கருவியைத்தான் செய்ய முயன்றார்கள். 1966இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி ஒரு நோயாளியின் இதயத்துக்குப் பத்து நாள் துணை நிறுத்திய பம்பும், முற்றிய இதயச் செயலிழப்பில் பம்பையும் மருந்தையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ரீமேட்ச் ஆய்வில் பயன்பட்ட ஹார்ட்மேட் கருவியும் அந்த வகையைச் சேர்ந்தவை. அந்த ஆய்வில் மருந்தை மட்டும் நம்பியிருந்தவர்களில் ஓராண்டைக் கடந்தவர்கள் 25 விழுக்காடு, பம்பு பெற்றவர்களில் 52 விழுக்காடு. ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில் பம்பு பெற்றவர்களிலும் 23 விழுக்காட்டினரே மிஞ்சினார்கள். தொற்றும் கருவிப் பழுதும் மற்றவர்களைக் கொண்டுபோயின. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை மடங்கி நிமிரும் சவ்வும், அத்தனை முறை திறந்து மூடும் வால்வும் எத்தனை நாள்தான் தாங்கும்?

எகிப்தில் ஆர்க்கிமிடீஸ் திருகினால் நீர் இறைப்பதைக் கண்ட அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் வாம்ப்ளர், துடிப்பை அறவே விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 25,000 சுற்றுவரை சுழலும் சிறு திருகை ரத்த ஓட்டத்துக்குள் வைக்கலாம் என்று சொன்னபோது, அவ்வளவு வேகத்தில் ரத்தம் அரைபட்டுவிடும் என்றே பலர் நினைத்தார்கள். கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் 1988இல் அது நோயாளிகளிடம் வேலை செய்தது. இப்போதைய ஹார்ட்மேட் 3 கருவியில் இம்பெல்லர் என்னும் சுழல்சக்கரம் எதையும் தொடாமல் காந்தப்புலத்தில் மிதந்தபடி சுழல்கிறது. பேரிங் இல்லாததால் தேய்மானமும் இல்லை, சுற்றியுள்ள இடைவெளியைத் தாராளமாக விடவும் முடிகிறது. ரத்தம் ஓரிடத்தில் தேங்கி உறையாதபடி இம்பெல்லரின் வேகம் 2 விநாடிக்கு ஒருமுறை தாழ்ந்து உயர்கிறது. உன் நோயாளிக்கு அதுதான் நாடி, ஆனால் அதை நம் விரலால் உணர முடியாது.

பம்பு செய்வது எளிது, நண்பா. நிமிடத்துக்கு 5 லிட்டரைத் தள்ளுவது எங்கள் தொழிலில் ஒரு வேலையே அல்ல. ரத்தத்தின் குணம்தான் எங்களைப் படுத்துகிறது. மெதுவாக ஓடினால் உறைகிறது. வேகமாக உரசினால் சிவப்பணு உடைகிறது. உடையாத அளவுக்கு உரசலைக் குறைத்தாலும் ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற நீண்ட புரதம் அந்த இழுப்பில் விரிந்து துண்டுபடுகிறது. அது குறைந்தவருக்குக் குடலில் ரத்தம் கசிகிறது. ஆக, உறைவதைத் தடுக்க வார்ஃபரின் எடுக்கும் அதே மனிதருக்குப் பம்பே ரத்தக் கசிவையும் உண்டாக்குகிறது. ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தை ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களிடம் கைவிட்டால் கசிவு குறைகிறது, உறைதல் கூடுவதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியபோது எங்கள் குழுவில் கைதட்டலே எழுந்தது.

எங்கள் மாதிரிப் பம்பின் கதையையும் சொல்கிறேன். ரத்தத்துக்குப் பதிலாகக் கிளிசரினும் தண்ணீரும் கலந்த திரவத்தில் அது அழகாக ஓடியது. அழுத்தமும் ஓட்டமும் கணக்கிட்டபடியே வந்தன. பிறகு 450 மில்லி விலங்கு ரத்தத்தை நிரப்பி, 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 6 மணி நேரம் சுழலவிட்டோம். அந்த ரத்தத்தை மையவிலக்குக் கருவியில் சுழற்றிப் பிரித்தபோது மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய பிளாஸ்மா ரோஜா நிறத்தில் நின்றது. உள்நுழைவாயிலின் விளிம்பைச் சரியாக உருட்டாமல் விட்டது என் பிழைதான். தண்ணீர்ப் பம்பில் யாரும் கண்டுகொள்ளாத அந்தக் கூர்மை சிவப்பணுக்களைக் கிழித்திருக்கிறது. மூன்று வாரங்கள் மெருகேற்றினோம். போன வாரச் சோதனையில் நிறம் சற்று வெளுத்திருக்கிறது, ஆனால் இன்னும் மஞ்சளாகவில்லை.

வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் மின்கம்பியைப் பற்றி நீ கேட்டிருந்தாய். எனக்கு அதில்தான் வருத்தம் அதிகம். அந்தத் துளை முழுதாக மூடுவதில்லை, அதனால் தொற்றின் வாயிலாகவே இருந்துவிடுகிறது. தோலுக்கு வெளியிலிருந்து கம்பியின்றி மின்சாரம் அனுப்ப நெடுங்காலமாக முயன்றும் அது இன்னும் அன்றாடச் சிகிச்சையாகவில்லை. உன் நோயாளி நீந்த முடியாது, குளிக்கும்போதும் உடலுக்கு வெளியே உள்ள கருவியை நனையாமல் மூடிக்கொள்ள வேண்டும், இரவில் மின்னிணைப்பை விட்டு எழுந்தால் பேட்டரியை மாட்ட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, மாடிப்படி ஏறினால் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது என்று விசாரித்து எழுது. நல்ல இதயம் உழைப்புக்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். நம் பம்போ நாம் வைத்த வேகத்திலேயே நிற்கிறது. அதைத் தானாகக் கூட்டச் செய்தால், மிஞ்சி இழுத்து இதயக் கீழறையின் சுவரையே உறிஞ்சிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அடுத்து அந்தக் கட்டுப்பாட்டைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு அவர் சொல்லும் படிக்கணக்கு எனக்கு உதவும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்