குழந்தை டிரஸ் பேட்டர்ன் போடும்போது பாதுகாப்பு அளவும் சேர்த்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க இணைப்பிதழ்ல சின்ன குழந்தைங்களுக்கு வீட்டுலயே டிரஸ் தைக்கிறத பத்தி தொடர்ந்து போட்டுட்டு வர்றீங்க, அதுக்கு முதல்ல மனசார நன்றி. ஏன்னா தையல் கத்துக்கறவங்களுக்கு குழந்தை டிரஸ்ஸ விட நல்ல ஆரம்பம் கிடையாது, துணி கொஞ்சம் போதும், தையல் நீளமும் குறைவு, உக்காந்தா ஒரே மூச்சுல முடிச்சுடலாம், மிச்சம் விழுந்த பிட் துணியில ஒரு பிப்போ தொப்பியோ தேத்திடலாம். ஆனா இதுவரைக்கும் வந்த பேட்டர்ன் எல்லாத்தையும் பார்த்ததுல ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அளவு இருக்கு, வெட்டுற படம் இருக்கு, லேஸ் எங்க வரணும் பாசி எங்க வரணும்னு அழகா இருக்கு, ஆனா அதை மாட்டிக்கிட்டு அந்த குழந்தை என்னெல்லாம் பண்ணும்ங்கறது எங்கயுமே இல்ல. அது தவழும், கையில கிடைச்சத இழுக்கும், இழுத்தது வாய்க்குள்ள போகும், ஏறக்கூடாத இடத்துல ஏறும், அப்படியே எங்கயாவது தூங்கிடும். இது எல்லாத்தையும் யோசிச்சுதான் குழந்தை டிரஸ் தைக்கணும், பெரியவங்க பேட்டர்ன சின்னதாக்கினா அது குழந்தை டிரஸ் ஆயிடாது.

கம்பெனியில தைச்சு விக்கிற குழந்தை டிரஸ்ஸுக்கு பல நாடுகள்ல விதிமுறை இருக்கு, டெஸ்ட் இருக்கு, தப்பா போனா திரும்ப வாங்கிக்கணும்னு சட்டம் இருக்கு. நாம வீட்டுல தைக்கிறதுக்கு அப்படி யாரும் வந்து செக் பண்ண மாட்டாங்க, மெஷின் முன்னாடி உக்காந்திருக்கறவங்கதான் செக் பண்ணணும். அவங்களுக்கு என்ன பார்க்கணும்னு சொல்லித் தர்ற பொறுப்பு பேட்டர்ன் போடுற பத்திரிகைக்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

முதல்ல கழுத்து. புதுசா தைக்கிறவங்க குழந்தையோட மார்பு சுற்றளவ எடுத்துட்டு மத்ததெல்லாம் கணக்கு போட்டுடலாம்னு நினைப்பாங்க, பெரியவங்களுக்கு அது சரி, குழந்தைக்கு சரிவராது. பிறந்த குழந்தையோட தலை சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர், அது மார்ப விட பெருசு, ஒரு வயசு கிட்ட வரும்போது தலை 46 கிட்ட வரும், அப்பதான் மார்பும் தலையும் ஏறக்குறைய சமமாகும். அதாவது உடம்புக்கு சரியா இருக்கற டிரஸ் தலை வழியா இறங்காது. நீட்டம் கொடுக்காத காட்டன் துணியில கழுத்த தலை அளவுக்கு வெட்டினா தோள்ல நிக்காம வழியும், கழுத்து அளவுக்கு வெட்டினா மாட்டும்போது காது மடங்கி குழந்தை கத்தும். அதனால பின்னாடி திறப்பு விட்டு பட்டி வைக்கணும், இல்லன்னா தோள்ல திறப்பு வச்சு பிரஸ் பட்டன் போடணும். பனியன் துணியா இருந்தா முன் பீஸும் பின் பீஸும் தோள்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வர்ற மாதிரி தைக்கிற முறை ரொம்ப நல்லது, கழுத்து தேவையான அளவு விரியும், டயபர் கசிஞ்சு டிரஸ் நாசமாயிட்டா தலை வழியா கழட்டாம கீழ் வழியாவே உருவிடலாம், பச்சக்குழந்தை வச்சிருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு தெரியும். தயவுசெஞ்சு ஒவ்வொரு பேட்டர்ன்லயும் தைச்சு முடிச்ச பிறகு கழுத்து எவ்வளவு விரியும்ங்கற அளவ போடுங்க, ஒரே ஒரு நம்பர்தான், அது இருந்தா தைக்கிறவங்க வெட்டுறதுக்கு முன்னாடியே குழந்தை தலைய அளந்து பார்த்துடுவாங்க.

அடுத்தது நாடா, இதத்தான் அழுத்தி சொல்ல விரும்புறேன். கழுத்துல இழுத்து கட்டுற நாடா, அது நுனியில குஞ்சம் இல்லன்னா மணி, பார்க்க அழகாத்தான் இருக்கும், உங்க பேட்டர்ன்லயும் அடிக்கடி வருது. ஐரோப்பாவுல ஈஎன் 14682ன்னு ஒரு தரநிலை இருக்கு, 7 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க டிரஸ்ல ஹூட்லயும் கழுத்துலயும் நாடாவே கூடாதுன்னு சொல்லுது. அமெரிக்காவுல நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996லயே இதுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு, 2011ல கழுத்துலயோ ஹூட்லயோ இழுக்கற நாடா வச்ச குழந்தைங்க மேலங்கிய ஆபத்தான பொருள் பட்டியல்லயே சேத்துட்டாங்க. காரணம் ரொம்ப எளிமையானது, அதனாலதான் பயமா இருக்கு. சறுக்குமரத்தோட உச்சியில கைப்பிடி சேர்ற இடுக்குல நாடா நுனியில இருக்கற முடிச்சு போய் மாட்டிக்கும், குழந்தை கீழ வழுக்கும், மொத்த எடையும் கழுத்துல விழும். இடுப்பு நாடா நீளமா தொங்கினா பஸ் கதவுல சிக்கும். அந்த குஞ்சமும் முடிச்சும்தான் மாட்டுறதே, நாம அழகுக்குன்னு வைக்கிற பகுதிதான் ஆபத்தான பகுதி. அழகுக்கு ரிப்பன் போ (bow) வேணும்னா தனியா கட்டி, தட்டையா, முழுசா துணியோட சேத்து தைச்சுடலாம், அவுக்கவும் முடியாது தொங்கவும் தொங்காது. பச்சக்குழந்தையோட ஜபலாவுக்கும் கழுத்துக்கிட்ட முடிச்சு போடுறதுக்கு பதிலா முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி பக்கவாட்டுல பிரஸ் பட்டன் வைக்கிறது மேல்.

பட்டன், பாசி, கல், சமிக்கி பத்தி ஒரு பெரிய கட்டுரையே எழுதலாம். அமெரிக்காவுல 3 வயசுக்குள்ள குழந்தைங்களோட பொம்மைக்கு ஒரு குழாய் வச்சு டெஸ்ட் பண்றாங்க, அகலம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சரிவா இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4 இன்னொரு பக்கம் 57.1 மில்லிமீட்டர், எந்த பகுதி அதுக்குள்ள முழுசா அடங்குதோ அது குழந்தை தொண்டையில மாட்டும்னு கணக்கு. நாம டிரஸ்ல வைக்கிற பட்டன் பாசி எல்லாமே அதுக்குள்ள அடங்கும். அப்ப பட்டனே வேண்டாமான்னா அப்படி சொல்லல, பிஞ்சு வராத மாதிரி தைக்கணும். ஐரோப்பாவுல பொம்மையில இருக்கற கண்ணு, மூக்கு மாதிரி பகுதிகள 90 நியூட்டன் விசையில இழுத்து பார்ப்பாங்க, அதாவது கிட்டத்தட்ட 9 கிலோ எடைய தொங்கவிட்ட மாதிரி. ரெண்டு சுத்து நூல் விட்டு முடிச்சு போட்ட பட்டன் அதுக்கு தாங்குமா? பட்டனுக்கு பின்னாடி துணி ஒத்தையா இருக்கக்கூடாது, உள்ள இன்னொரு துண்டு துணி வச்சு, பாலியஸ்டர் நூல்ல ஒவ்வொரு துளையிலயும் பல தடவ ஏத்தி இறக்கி, அடியில சுத்தி, முடிச்ச ரெண்டு இடத்துல போடணும், அப்புறம் நம்ம கையாலயே பலமா இழுத்து பார்க்கணும். ஒவ்வொரு சலவைக்கு அப்புறமும் பார்க்கணும். ஹாட் குளூல ஒட்டுற கல்லு, மணி எல்லாம் 3 வயசுக்குள்ள குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், ஈரமும் சூடும் பட்டு பட்டு ஒரு நாள் கழண்டுரும். அதுக்கு பதிலா எம்பிராய்டரி போடலாம், துணியில பூ வெட்டி ஓரம் ஜிக்ஜாக் அடிக்கலாம், கலர் கலரா கிராஸ் பீஸ் (துணிய குறுக்கா சாய்வா வெட்டின பட்டி) வச்சு கழுத்தும் கையும் ஓரம் கட்டலாம், இதுலயே எவ்வளவு அழகு கொண்டு வர முடியும். எம்பிராய்டரி போட்டா உள்பக்கம் நூல் முடிச்செல்லாம் தோல உரசாம இருக்க மெல்லிசான பனியன் துணிய மேல வச்சு மூடிடணும்.

உள்பக்கம்னு சொன்னதும் இன்னொண்ணு. குழந்தைக்கு ஸாக்ஸும் கையுறையும் பின்னுறவங்க, தைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. உள்ள ஒரு நூல் தளர்ந்து நின்னா அது குழந்தையோட கால் விரல்லயோ கை விரல்லயோ சுத்திக்கிட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திடும், டாக்டருங்களுக்கு நல்லா தெரிஞ்ச பிரச்சனை இது, தலைமுடியாலயும் இப்படி ஆகும். குழந்தை காரணமே தெரியாம விடாம அழுதா ஸாக்ஸ கழட்டி ஒவ்வொரு விரலா பாருங்க, ஒரு விரல் மட்டும் சிவந்து வீங்கி இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. தைக்கிறவங்க செய்ய வேண்டியது, போடுறதுக்கு முன்னாடி உள்பக்கத்த வெளிய திருப்பி எல்லா நூலையும் ஒட்ட வெட்டணும், பிசிறு வர்ற ஓரத்த மடிச்சு மூடி தைக்கணும். மெல்லிசான காட்டனுக்கு ஃப்ரெஞ்ச் தையல் போட்டா ஓரம் உள்ளயே போயிடும், ஓவர்லாக் மெஷின் இல்லாதவங்களுக்கு அதுதான் நல்ல வழி.

குண்டூசி பத்தியும் சொல்லிடறேன். எக்ஸ்போர்ட் கம்பெனிங்கள்ல ஊசி உடைஞ்சா அந்த ஊசியோட எல்லா துண்டையும் தேடி எடுத்து பேப்பர்ல ஒட்டி பதிவு பண்ணுவாங்க, தைச்ச டிரஸ்ஸ மெட்டல் டிடெக்டர்ல விட்டு எடுப்பாங்க. நாம வீட்டுல குறைஞ்சபட்சம் குண்டூசிய எண்ணி குத்தி எண்ணி எடுக்கலாம், இல்லன்னா கிளிப்பே வச்சு தைக்கலாம்.

தூக்கத்துக்குன்னு தைக்கிற பொருட்கள்லதான் ரொம்ப கவனம் வேணும், ஏன்னா கிராஃப்ட் பண்றவங்களுக்கு ரொம்ப பிடிச்சதே தொட்டில் செட்டுதான், குட்டி தலகாணி, மெத்து மெத்துன்னு போர்வை, கட்டில் கம்பிய சுத்தி கட்டுற பஞ்சு வச்ச பம்பர். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு வயசுக்குள்ள குழந்தை தூங்குற இடத்துல இது எதுவுமே இருக்கக்கூடாதுன்னு சொல்லுது, மூச்சு அடைக்கும்ங்கறதுதான் காரணம், வீட்டுக்குள்ள தூங்கும்போது தொப்பியும் வேண்டாம்னு சொல்றாங்க, தலை வழியா குழந்தை உடம்பு சூடு நிறைய தணியுது. பஞ்சு வச்ச கட்டில் பம்பர தயாரிக்கறதையும் விக்கிறதையுமே அமெரிக்காவுல 2022ல சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க. பரிசா தைச்சு கொடுக்க ஆசைப்படுறவங்க தலை மூடாத, கையில்லாத தூக்கப் பை தைச்சு கொடுக்கலாம், ஆனா அதுலயும் கழுத்தும் கை குழியும் பெருசா இருந்து குழந்தை உள்ள நழுவிடக்கூடாது. கழுத்துல போடுற மணி மாலையும் இதே கதைதான், பல் முளைக்கும்போது போடுற ஆம்பர் மாலை தூக்கத்துல இறுக்கி 18 மாச குழந்தை இறந்துபோனதா சொல்லி 2018 டிசம்பர்ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மாதிரி நகைங்களே வேண்டாம்னு எச்சரிக்கை கொடுத்துச்சு. ஹேர்பேண்டும் தூங்க வைக்கும்போது கழட்டிடணும், கீழ இறங்கி கழுத்துக்கோ மூக்குக்கோ வந்துடும்.

துணி விஷயத்துல உங்க தொடர்ல சொன்னது பெரும்பாலும் சரிதான். வெட்டுறதுக்கு முன்னாடி துவைக்கணும்னு மட்டும் பெரிய எழுத்துல போடுங்க, காட்டன் சுருங்கும்ங்கறதுக்காக மட்டும் இல்ல, சுருக்கம் விழாம இருக்க போடுற பூச்சுல ஃபார்மால்டிஹைடு இருக்கலாம், ஜப்பான்ல 24 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்க துணிக்கு அதுக்குன்னே ரொம்ப கடுமையான கட்டுப்பாடு வச்சிருக்காங்க. நெட் துணியும் சாட்டினும் நேரடியா தோல்ல படக்கூடாது, லைனிங் வேணும். பாலியஸ்டர், நைலான் நெட் தீப்பட்டா உருகி தோல்ல ஒட்டும், தொளதொளன்னு இருக்கற காட்டன் நைட் டிரஸ்ஸும் சீக்கிரம் பத்திக்கும், அதனால இரவு உடைய உடம்போட ஒட்டின மாதிரி தைக்கிறது நல்லது.

இதெல்லாம் படிச்சு யாரும் பயந்து மெஷின மூடி வச்சுடக்கூடாதுங்கறதும் எனக்கு முக்கியம். வீட்டுல தைக்கிறதுல ஒரு பெரிய நன்மை இருக்கு, குழந்தை வளர வளர டிரஸ்ஸையும் வளர்த்திக்கலாம். முதல் வருஷத்துல குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளரும், ரெண்டாவது வருஷம் அதுல பாதி, அப்புறம் வருஷத்துக்கு 5லேர்ந்து 7 சென்டிமீட்டர்தான், அதுவும் உயரத்துலதான் அதிகம், சுற்றளவு அவ்வளவா மாறாது. அப்ப கவுனுக்கு கீழ மடிப்புல 6 சென்டிமீட்டர் விட்டு, அதுக்கு மேல ரெண்டு டக்கும் (துணிய மடிச்சு தைக்கிற மடிப்பு) பிடிச்சு வச்சா, பெருசாகும்போது ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டுக்கலாம். தோள்பட்டிய நீளமா வச்சு ரெண்டு இடத்துல பட்டன் காஜா போடலாம். டக் பிரிச்ச இடத்துல கோடு தெரியும், அது மேல ஒரு லேஸ் வச்சா முடிஞ்சுது. இந்த அறிவு நிறைய வீட்டுல பெரியவங்களுக்கு இருக்கு, இத பத்தி ஒரு முழு வாரம் நீங்க எழுதினா சந்தோஷமா இருக்கும்.

கடைசியா ஒரு அவசர வேண்டுகோள். அடுத்த இதழ்ல ஹூட் வச்ச ஜாக்கெட் பேட்டர்ன் வரும்னு அறிவிச்சிருக்கீங்க, படத்துல கழுத்து ரெண்டு பக்கமும் குஞ்சம் தொங்குது. அச்சுக்கு போறதுக்குள்ள முடிஞ்சா அந்த நாடாவ எடுத்துட்டு ஹூட் ஓரத்துல மெல்லிசான எலாஸ்டிக் உள்ள வச்சு மடிச்சு தைக்கிற மாதிரி மாத்திடுங்க, எலாஸ்டிக்கோட ரெண்டு முனையும் தையலுக்குள்ள போயிடணும், வெளிய எதுவும் நிக்கக்கூடாது. படத்த மாத்த நேரம் இல்லன்னா நாடா இல்லாம தைக்கவும்னு பேட்டர்ன் பக்கத்துலயே ஒரு வரி போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
குழந்தைங்களுக்கு தைக்கிற ஒரு வாசகி