கைதான நாவலுக்காகத் தோழர்களுக்கு ஒரு மடல்

முற்போக்கு வாசகர் வட்டங்களை நடத்தும் தோழர்களுக்கு,

வணக்கம். சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ நாவலை உங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சோவியத் இலக்கியத்தைத் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்கள் வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள், மாணவர்களும் கைக்காசு போட்டு வாங்கக்கூடிய விலை. கார்க்கியின் ‘தாய்’, ஐத்மாத்தவின் ‘ஜமீலா’, செகாவின் கதைகள் என்று என்னைப் போன்ற பலருக்கு வாசிப்பு அங்கேதான் தொடங்கியது. அந்த நன்றி குறையவில்லை. ஆனால் அதே நாட்டில், இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதிய மாபெரும் நாவலொன்று அந்தப் புத்தகக் கட்டுகளில் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அது சிறையில் இருந்தது.

கிராஸ்மன் வெளியாள் இல்லை. 1905இல் உக்ரைனின் பெர்திச்சேவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், வேதியியல் படித்தவர், தொன்பாஸ் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தவர். அவரது தொடக்கக் கால எழுத்தைப் படித்து ஊக்கம் கொடுத்தவர் கார்க்கிதான். போர் வந்ததும் செஞ்சேனையின் நாளிதழுக்குச் செய்தியாளராகப் போனார். ஸ்டாலின்கிராடில் வீரர்களோடு வீரராக இருந்தார். திரெப்ளிங்கா வதைமுகாமைப் பற்றி 1944இல் அவர் எழுதிய கட்டுரை, நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பெர்க் விசாரணையில் பயன்பட்டது. 1941இல் பெர்திச்சேவில் நாஜிகள் சுட்டுக் கொன்ற யூதர்களில் அவருடைய அம்மாவும் ஒருவர். அந்த அம்மாவுக்குத்தான் இந்த நாவலைக் காணிக்கையாக்கினார்.

1960இல் எழுதி முடித்து ஒரு மாஸ்கோ இதழுக்குக் கொடுத்தார். 1961 பிப்ரவரியில் சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபியின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவரை விட்டுவிட்டு நாவலைக் கைது செய்தார்கள். தட்டச்சுப் பிரதிகள், கையெழுத்துக் குறிப்புகள் எல்லாம் போயின. கார்பன் தாளையும் தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனையும்கூட விடவில்லை. என் புத்தகத்துக்கு விடுதலை கொடுங்கள் என்று அவர் சோவியத் தலைவர் குருஷேவுக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் கட்சித் தலைமையிலிருந்த சூஸ்லவ் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். எதிரிகள் நம்மீது வீசத் தயாராக வைத்திருக்கும் அணுகுண்டுகளோடு உங்கள் புத்தகத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்பது சூஸ்லவின் கேள்வி. 1964இல் புற்றுநோயில் கிராஸ்மன் இறந்தார். தன் நாவலை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு வாசகர் வட்டத்தில் நான் கேட்டபோது, “இன்னைக்கு இருக்கிற நிலைமையில இது எதிரிக்குத்தான் ஆயுதமாகும் தோழர்” என்று ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். சூஸ்லவ் சொன்னதும் இதைத்தான். அந்தத் தோழரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த வாதம் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் யார் வாய்க்கும் பொருந்தும். அதனால்தான் அதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விக்தர் ஷ்த்ரூம் என்று ஒரு இயற்பியலாளர். அவருடைய கோட்பாடு பொருள்முதல்வாதத்துக்கு விரோதமானது என்று நிறுவனத்தில் குற்றம் சாட்டுகிறார்கள். கூட்டத்துக்கு வந்து தவறை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். வருத்தக் கடிதம்கூட எழுதி வைத்துவிடுகிறார், ஆனால் கூட்டத்துக்குப் போகவில்லை. வேலை போகும், கைது வரும் என்று காத்திருக்கிறார். நண்பர்கள் ஒதுங்குகிறார்கள். ஆனாலும் அந்த நாட்களில் மனத்துக்குள் ஒரு லேசான உணர்வு. அப்போது தொலைபேசி மணி அடிக்கிறது. மறுமுனையில் ஸ்டாலின். ஆராய்ச்சி நன்றாக நடக்கட்டும் என்று வாழ்த்துகிறார். மறுநாளே உலகம் மாறிவிடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். சில நாள் கழித்து ஒரு தாளை நீட்டுகிறார்கள். கார்க்கியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்கள் உண்மையிலேயே குற்றவாளிகள்தான் என்று விஞ்ஞானிகள் சொல்லும் கடிதம் அது. பொய் என்று ஷ்த்ரூமுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

மிரட்டியபோது நிமிர்ந்து நின்ற மனிதன், தட்டிக்கொடுத்தபோது சரிகிற இந்த இடத்தைப் போல வேறெங்கும் நான் படித்ததில்லை. கிராஸ்மன் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1953 தொடக்கத்தில், யூத மருத்துவர்கள்மீது பழி சுமத்தப்பட்ட நேரத்தில், அவரே அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டவர்.

இன்னொரு இடம், ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர்கள் சூழ்ந்துகொண்ட ஒரு வீடு. அங்கே கேப்டன் கிரேகவும் அவருடைய ஆட்களும் பயமில்லாமல் பேசுகிறார்கள், மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவதில்லை. ஆனால் யாரும் விட்டு ஓடவில்லை. ஒழுங்குபடுத்த வந்த அரசியல் அதிகாரி கிரீமவ், கிரேகவைப் பற்றிப் புகார் எழுதுகிறார். அதற்குள் ஜெர்மன் தாக்குதலில் வீடு தரைமட்டமாகிறது, உள்ளே இருந்தவர்கள் செத்துப்போகிறார்கள். பின்னால் கிரீமவையே கைது செய்து மாஸ்கோவின் லுபியாங்கா சிறையில் அடைக்கிறார்கள். புரட்சியை மனதார நம்பிய மனிதர் அவர். அவரைக் கிராஸ்மன் எள்ளி நகையாடவில்லை, உடன் உட்கார்ந்து துக்கப்படுகிறார். நாஜி முகாமையும் நாவல் விட்டுவைக்கவில்லை. விஷவாயு அறைக்குள்ளேயே நம்மைக் கைபிடித்து அழைத்துப்போகிறது. இதை எதிரியின் புத்தகம் என்று எப்படிச் சொல்வது?

நண்பர்கள் ஒளித்துவைத்த பிரதிகளால்தான் நாவல் பிழைத்தது. மைக்ரோஃபிலிமாக எல்லை தாண்டி 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. 1988இல் மாஸ்கோ இதழொன்றிலேயே வந்துவிட்டது, சோவியத் யூனியன் இருக்கும்போதே. அவர்களே வெளியிட்ட பிறகு நாம் ஏன் தயங்க வேண்டும்?

‘மாதொருபாகன்’ பிரச்சினையில் பெருமாள்முருகன் எழுத்தைத் துறந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது முற்போக்கு எழுத்தாளர்கள்தான். 2016 ஜூலையில் வந்த தீர்ப்பின் தலைப்பிலேயே தோழர் ச. தமிழ்ச்செல்வனின் பெயர் இருக்கிறது. ஊரே திரண்டு மிரட்டும்போது எழுத்தாளன் பக்கம் நின்ற நீங்கள், கட்சியே மிரட்டிய ஒரு எழுத்தாளன் பக்கமும் நிற்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையில்லை.

இந்த வருடம் நவம்பர் 7 புரட்சி தினக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் ராபர்ட் சாண்ட்லரின் மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு பகுதியைத் தமிழில் சொல்லட்டும். முதல் பாகத்தில் ஷ்த்ரூமின் அம்மா யூதர்களை அடைத்த கெட்டோவிலிருந்து மகனுக்கு எழுதும் கடைசிக் கடிதம் அதற்குச் சரியாக இருக்கும். சொல்ல ஆள் இல்லையென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். கேள்வி கேட்பவர்கள் கடுமையாகவே கேட்கட்டும்.

தோழமையுடன்,
உங்கள் கூட்டங்களின் பழைய வாசகர் ஒருவர்