பெடல் ஸ்டீல் கிதாரும் அதை வாசிப்பவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேல்நாட்டு இசை பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் குறிப்புகளில் பெடல் ஸ்டீல் கிதாரை வெறும் 'கிதார்' என்றோ 'ஹவாயன் கிதார்' என்றோ எழுதிவிடுகிறார்கள். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் வருவதே இல்லை. இந்த இரண்டையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இது தோளில் மாட்டும் கிதார் அல்ல. நான்கு கால் ஊன்றி மேசைபோல் நிற்கும் கருவி. வாசிப்பவர் அதன் முன் அமர்ந்து, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எஃகு உருளையை இடக்கையால் தந்திகள் மேல் நகர்த்துவார். வலக்கைக் கட்டைவிரலில் பிளாஸ்டிக் மீட்டி, அடுத்த இரு விரல்களில் உலோக மீட்டி. இடது பாதம் மிதிகளில், வலது பாதம் ஒலியளவு மிதியில் இருக்கும். இரண்டு முழங்கால்களுக்கும் பக்கவாட்டில் லிவர்கள் உண்டு. உடம்பில் சும்மா இருக்கும் உறுப்பு இல்லை.

கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த நாதம் பாதி பழக்கமானது. அதிலும் வீணையில் உள்ளதுபோன்ற மெட்டுகள் கிடையாது. தந்திமேல் கட்டையை வழுக்கித்தான் ஜாரு பிடிக்கிறார்கள். ஹவாயன் கிதாரும் அப்படியே. ஆனால் கட்டையோ உருளையோ நகர்ந்தால் அதன் கீழுள்ள தந்திகள் எல்லாம் ஒரே அளவில் ஏறும், ஒரே அளவில் இறங்கும். ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் ஒரு ஸ்வரம் ஏற வேண்டுமென்றால் உருளையால் முடியாது. மிதி வந்தது அதற்காகத்தான்.

பரவலாக வாசிக்கப்படும் 'ஈ நைன்த்' என்னும் சுருதியமைப்பில் பத்துத் தந்திகள். ஈ ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொள்ளுங்கள். முதல் மிதியை அழுத்தினால் பஞ்சமத் தந்திகள் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும். இரண்டாவது மிதி அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்தியமத்துக்கு ஏற்றும். ஸட்ஜம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ-க-ப என்று நின்ற கூட்டொலி, உருளை ஓர் இழைகூட நகராமல், ஸ-ம-த ஆகிவிடும். ஒரே பாதம் இரண்டு மிதிகளையும் சேர்த்து மிதித்து, கணுக்காலைச் சாய்த்து ஒன்றை மட்டும் விடும்போது தைவதம் மெல்லப் பஞ்சமத்துக்கு வழியும். கேட்பவர் கண்ணில் நீர் வரவைக்கும் இடம் அது. முழங்கால் லிவர் ஒன்று ஸட்ஜத்தைக் காகலி நிஷாதத்துக்கு இறக்கும்.

இன்னொன்றும் நம் காதுக்கு இதமானது. தேர்ந்த வாசிப்பாளர் பலர் காந்தாரத் தந்தியை ட்யூனர் காட்டும் இடத்தில் நிறுத்துவதில்லை. அதற்குப் பத்துப் பதினான்கு சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே, மற்றத் தந்திகளோடு சேரும்போது எழும் அலையடிப்பு அடங்கும் இடத்தில் நிறுத்துகிறார்கள். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரமும் அங்கேதான் இருக்கிறது.

மிதி வைத்த கருவிகள் 1940களிலேயே இருந்தாலும், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி ஸ்வரம் வளைவதைக் கேட்பவர் காதில் விழவைத்தவர் பட் ஐசக்ஸ். அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸ் பாடி 1954இல் புகழ்பெற்ற ஒரு பாட்டில் அதைச் செய்தார். அவர் ஒரே மிதியில் செய்ததை இரண்டு மிதிகளாகப் பிரித்தவர் பட்டி எம்மன்ஸ் (1937-2015). பிரித்ததால்தான் மேலே சொன்ன கணுக்கால் சாய்ப்பே சாத்தியமானது. லாயிட் கிரீன், ரால்ஃப் மூனி, பால் ஃபிராங்க்ளின் என்னும் வாசிப்பாளர் மூவரையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஏறக்குறைய ஒரே கருவியில் மூன்று வேறு குரல்கள் இருப்பது தெரியும். இவர்கள் வாசித்த கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையோடு இது முடிந்துவிடவில்லை. நைஜீரியாவின் கிங் சன்னி அடே ஜூஜூ என்னும் அந்நாட்டு ஜனரஞ்சக இசையை வாசிக்கும் தம் குழுவில் இதற்கு இடம் கொடுத்தார். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த ராபர்ட் ராண்டால்ஃப் இதை மேடை அதிர வாசிக்கிறார்.

நம் மாவட்டத்தில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. ஓசூர் சிப்காட் பட்டறைகளில் லேத்தில் நிற்பவருக்கு இந்தக் கருவியின் அடிப்பக்கத்தைக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது. மிதி ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும். தண்டில் பொருத்திய பெல் கிராங்க் என்னும் சிறு நெம்புகோல் ஒரு மெல்லிய ராடை இழுக்கும். ராட், வலது கோடியில் தந்தியின் சுருதியை மாற்றும் பகுதியான சேஞ்சரின் 'ஃபிங்கர்' என்னும் அசையும் துண்டை அசைக்கும். அதன் வளைந்த தலைமேல் தந்தி கிடக்கிறது. எவ்வளவு அசைய வேண்டும் என்பதை ராடின் முனையிலுள்ள நைலான் நட் தீர்மானிக்கிறது.

கோளாறுகளும் அதே வழியில்தான் வருகின்றன. மிதியை விட்ட பிறகும் தந்தி சற்றுக் கூடுதலாகவே நின்றால் நைலான் நட் இறுகியிருக்கிறது, ஃபிங்கர் தன் நிறுத்தத்தில் வந்து உட்காரவில்லை. பலர் அப்போது முறுக்காணியைத் திருப்பிச் சுருதியை இறக்குவார்கள், கோளாறு பெருகும். முதலில் நட்டைத் தளர்த்தி ராடுக்குச் சிறிது தளர்வு கொடுக்க வேண்டும். பிறகு மிதிக்காமல் முறுக்காணியில் சுருதி சேர்த்து, மிதியை முழுக்க அழுத்தி வைத்து நட்டில் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. லிவர் இறக்கிய தந்தி பழைய இடத்துக்கு ஏறி வராவிட்டால், திரும்பு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி அறுவது மூன்றாம் தந்தி. 0.011 அங்குலத் தந்தி, பத்திலும் மெல்லியது, சுருதியிலும் உச்சம். ஒவ்வொரு மிதிக்கும் ஃபிங்கர் தலைமேல் வளைந்து நிமிர்கிறது. அந்தத் தலையில் பள்ளம் விழுந்திருந்தால் புதுத் தந்தியும் சீக்கிரம் அறும். மிக நைசான எமரித்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். அதிகம் விட்டால் தூசி ஒட்டி இறுகிவிடும். ஓசூரின் மார்கழிக் காலையில் பெட்டியைத் திறந்த உடனே சுருதி சேர்ப்பதும் வீண். அறையின் வெப்பத்துக்குக் கருவி வரட்டும்.

புதிதாகக் கற்பவருக்கு ஒரு சொல். உருளைக்குப் பின்னால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தந்திமேல் படிந்திருக்காவிட்டால் இரைச்சல் எழும். ஒலியளவு மிதியைப் பாதி அழுத்தத்தில் வைத்து மீட்டி, நாதம் தேயத் தேய மெதுவாக அழுத்துங்கள். ஒவ்வொரு மீட்டுக்கும் பம்பு அடிப்பதுபோல் மிதித்தால் பாட்டு திக்கும்.

தங்கள் நாளிதழிடம் இரண்டு வேண்டுகோள்கள். இசைக் குறிப்புகளில் ஹவாயன் கிதார், மோகன வீணை, பெடல் ஸ்டீல் மூன்றையும் தனித்தனிப் பெயரால் குறிப்பிட்டு, பாடகர் பெயரோடு வாசித்தவர் பெயரையும் அச்சிடுங்கள். மாவட்டப் பக்கத்தில் ஒரு நாள் சேஞ்சரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை, அளவுகளோடு வெளியிடுங்கள். அதைப் பார்த்து ஒரு ஃபிங்கரைக் கடைந்து பார்க்கக்கூடிய கைகள் இங்கே உள்ளன.

இப்படிக்கு,
கிதார் பழுதுபார்ப்பவர்கள் இருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.