அப்பாவின் எண்ணுக்குப் போகும் ஓடிபி: பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும், கணினி மையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் முறையை, கட்டாயம் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். அதை எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்பதைப் பொறுத்து எங்கள் பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பாகவும் அமையலாம், பெரிய தலைவலியாகவும் ஆகலாம்.

பல மாணவர் தளங்களில் இன்றும் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் உள்ளே போய்விடலாம். பதிவு எண்கள் வரிசையாக ஓடுகின்றன; தன் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவரின் எண் வந்துவிடும். பிறந்த தேதி வகுப்பு வாட்ஸப் குழுவில் வருடா வருடம் கேக் படத்தோடு வருகிறது. மதிப்பெண் பார்ப்பதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. தேர்வு விண்ணப்பம், விருப்பப் பாடம், மறுமதிப்பீடு என்று எல்லாம் அதே வழியில்தான் நடக்கின்றன. எங்கள் மாணவி ஒருவர் தான் தேர்ந்தெடுக்காத விருப்பப் பாடம் தன் பெயரில் பதிவாகியிருப்பதைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். யார் மாற்றியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கணினியைப் பொறுத்தவரை மாற்றியது அந்த மாணவியேதான்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் 9 பேர்மீது குற்றம் சாட்டியது. உலகெங்கும் 300-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களைக் குறிவைத்து, ஏறத்தாழ 8,000 பேராசிரியர்களின் கணக்குகளுக்குள் புகுந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வேறொரு பேராசிரியர் எழுதுவதுபோல ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு இணைப்பு, அதைத் திறந்தால் சொந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கம். அங்கே எவ்வளவு கடினமான கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தாலும் அது நேராகத் திருடன் கைக்குத்தான் போகும். அதனால், அக மதிப்பெண் பதிவேற்றும் ஆசிரியர்களான எங்கள் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பை முதலில் போடுங்கள், மாணவர்களுக்கு அடுத்து.

சரி, இரட்டைச் சரிபார்ப்பு என்றதும் எல்லோர் மனதிலும் வருவது குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிதான். அங்கேதான் எனக்குக் கவலை. சேர்க்கை விண்ணப்பத்தை முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் பிரவுசிங் சென்டரில்தான் போடுகிறார்கள். கைப்பேசி எண் என்ற கட்டத்தில் அப்பாவின் எண்ணோ மாமாவின் எண்ணோ ஏறுகிறது. சில சமயம் அவசரத்துக்குக் கடைக்காரரின் எண்ணே ஏறிவிடுகிறது. இரண்டாம் ஆண்டுக்குள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் செயலிழந்து வேறு யாரிடமோ போயிருக்கும். எங்கள் ஆய்வகத்தில் இது அடிக்கடி நடக்கும்: பையன் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு வேலையில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டு, “மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்கப்பா” என்பான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அப்புறம் இன்னொரு ஓடிபி. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை அழைத்து ஏமாற்றும் கும்பல்கள் திரியும் நாளில், போனில் ஓடிபியைப் படித்துக் காட்டும் பழக்கத்தை நாமே ஏன் ஊட்ட வேண்டும்?

இதற்கு நல்ல மாற்று இருக்கிறது: ஆத்தென்டிகேட்டர் செயலி. முதல் தடவை கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனில் பதிந்துவிடும். அதையும் அந்த நேரத்தையும் வைத்துப் போனே 30 வினாடிக்கு ஒரு தடவை 6 இலக்க எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், ரீசார்ஜ் முடிந்த போனிலும் ஓடும். 2011-லேயே வெளியான பொதுத் தரம் இது; ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் நீங்கள் காசு கட்ட வேண்டியதும் இல்லை. போனில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொருந்தாது. உதவி கேட்டு வருபவர்களிடம் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் வாங்கிவிட முடியும் என்பது உண்மைதான். அதைத் தடுக்க பாஸ்கீ இருக்கிறது: கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனின் கைரேகையையோ திரைப்பூட்டையோ வைத்து உள்ளே போகும் முறை; போலிப் பக்கத்தில் அது வேலை செய்யாது. வசதியான போன் வைத்திருப்பவர்களுக்கு அதையும் திறந்துவிடுங்கள். சொந்தப் போன் இல்லாதவர்களுக்கு, ஒவ்வொன்றையும் ஒரே தடவை பயன்படுத்தக்கூடிய மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கல்லூரியிலேயே கொடுக்கலாம். போன் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கிடைக்காமல் போகக் கூடாது.

நான் அதிகம் கேட்டுக்கொள்வது மீட்பு முறையைப் பற்றித்தான். போன் தொலையும், திரை உடையும், புதுப் போனுக்கு மாறும்போது செயலி அழிந்துபோகும். அப்போது உதவி மையத்தை அழைத்துப் பிறந்த தேதியைச் சொன்னால் திறந்துவிடுவார்கள் என்றால், போட்ட சரிபார்ப்பெல்லாம் வீண். அதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வரச் சொல்வதும் நியாயமில்லை. வால்பாறை மாணவி ஒருவர் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கோவைக்கு வந்து திரும்ப ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். அடையாள அட்டையோடு நேரில் வரும் மாணவரை முகம் பார்த்து உறுதிசெய்து அவர்கள் மீட்டுத் தரட்டும். யார், எப்போது, யாருக்காகச் செய்தார் என்பது பதிவாகட்டும்; கணக்கு மீட்கப்பட்டதும் மாணவருக்கு ஒரு மின்னஞ்சலும் போகட்டும்.

தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் மட்டும் இதைத் தொடங்கிவிடாதீர்கள். முதலாண்டு சேர்க்கை முடிந்து வகுப்புகள் நிதானமாக நடக்கும் நாட்களில், ஆய்வக வகுப்பிலேயே உட்காரவைத்து எல்லோருக்கும் அமைத்துக் கொடுத்துவிடலாம். சுற்றறிக்கை தமிழிலும் வரட்டும். பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் இந்த எண்ணைப் போனில் கேட்கவே மாட்டார்கள் என்ற வரியை அதில் முதலில் போடுங்கள், பெற்றோரும் படிப்பார்கள்.

சோதனை ஓட்டத்துக்குக் கல்லூரி தேடுகிறீர்கள் என்றால் எங்கள் துறை தயாராக இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களே முதலாண்டு மாணவர்களுக்கு அமைத்துக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
அரசு கல்லூரிக் கணினி ஆசிரியர் ஒருவர்