41 டிகிரி குளிர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே அமெரிக்காவில் எல்லோரும் நலம். போன வாரம் ஃபோனில் "இங்கே 41 டிகிரி" என்று நான் சொன்னதும் அம்மா பதறிப்போய், வெயிலில் அலையாதே, நிறையத் தண்ணீர் குடி என்றாள். நானோ இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன். இது ஃபாரன்ஹீட் 41. நம் செல்சியஸ் கணக்கில் 5 டிகிரிதான். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள், நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு இன்னும் அடி, இஞ்ச், பவுண்டு என்று ஏன் கிடக்கிறது, மாற வேண்டாமா என்று. வந்த புதிதில் கேட்டிருந்தால் உடனே மாறித்தான் ஆக வேண்டும் என்று எழுதியிருப்பேன். இப்போது அவ்வளவு வேகமாகச் சொல்ல வரவில்லை.

காரணம் நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் படித்த சென்டிமீட்டர் இந்த மரப்பட்டறையில் எனக்கு எதற்கும் உதவவில்லை. நீங்கள் பட்டறையில் சொல்லிக்கொடுத்த நூல் கணக்குதான் உதவியது. எட்டு நூல் ஒரு இஞ்ச். இங்கே டேப்பில் ஒரு இஞ்ச்சைப் பதினாறாகப் பிரித்திருக்கிறார்கள், அதாவது இரண்டு கோடு ஒரு நூல். முதல் நாளே நான் மடமடவென்று அளந்ததைப் பார்த்து மேஸ்திரிக்கு ஆச்சரியம். எங்கே கற்றாய் என்று கேட்டார். நூல் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? என் அப்பா தச்சர் என்று மட்டும் சொன்னேன்.

அதுவும் இல்லாமல், இவர்கள் முறையில் ஒரு அழகு இருக்கிறது. மரச்சுவர் கட்டும்போது 16 இஞ்ச்சுக்கு ஒரு கட்டை நிறுத்துவார்கள். ஆறு இடைவெளி போனால் 96 இஞ்ச், சரியாக எட்டு அடி. பிளைவுட் பலகையின் நீளமும் எட்டு அடி. அதனால் பலகையின் விளிம்பு தானாகக் கட்டையின் மேல் வந்து உட்காரும். அடியை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாக மிச்சமில்லாமல் வெட்டலாம். ஆனால் 'இரண்டுக்கு நாலு' என்று விற்கும் கட்டையை அளந்து பாருங்கள், ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும்! இழைத்துக் காய்ந்த பிறகு வரும் அளவு அது, பெயர் மட்டும் பழையது. ஒருவரும் கோபப்படுவதில்லை.

கஷ்டம் கூட்டல் கழித்தலில்தான். ஐந்தே மூன்றுகீழ் எட்டோடு இரண்டே ஏழுகீழ் பதினாறைக் கூட்டு என்றால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். போன மாதம் ஒரு வேலைக்குப் பத்து அலமாரித் தட்டு, ஒவ்வொன்றும் 5 அடி 11 இஞ்ச். விளிம்புப் பட்டை எவ்வளவு வாங்க வேண்டும் என்று கால்குலேட்டரில் போடும்போது 5.11 என்று தட்டிவிட்டேன். 51 அடி என்று வந்தது. உண்மையில் 59 அடிக்கு மேல் வேண்டும். எட்டு அடி குறைந்து, வேலை ஒரு நாள் நின்றது. திட்டு வாங்கியது நான்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு கூத்து. அலமாரியின் உடம்பை இஞ்ச்சில் வெட்டுகிறோம், அதன் கீலுக்கு 35 மில்லிமீட்டர் துளை போடுகிறோம். கீல்கள் ஐரோப்பிய அளவு. என் காரின் போல்ட்டெல்லாம் மில்லிமீட்டர், பட்டறை இயந்திரத்தின் போல்ட் இஞ்ச். அதனால் எல்லோரிடமும் இரண்டு செட் ஸ்பேனர். தலை அரை இஞ்ச் அகலமுள்ள போல்ட்டில் 13 எம்எம் ஸ்பேனரைப் போட்டால் பிடிப்பதுபோல் இருக்கும், அழுத்தினால் தலை மழுங்கிவிடும்.

சட்டப்படி இவர்கள் 1866-லேயே மீட்டரையும் கிலோவையும் ஏற்றுக்கொண்டவர்கள் என்றால் நம்புவீர்களா? 1893-லிருந்து இவர்களுடைய கஜத்துக்கும் பவுண்டுக்கும் மூல அளவே மீட்டரும் கிலோவும்தான். 1959-ல் ஒரு இஞ்ச் என்றால் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று முடிவாகிவிட்டது. ஆக என் டேப்பில் இருப்பது வேஷம் போட்ட மில்லிமீட்டர். 1975-ல் அதிபர் ஃபோர்டு, மீட்டர், கிலோ என்ற மெட்ரிக் முறைக்கு மாறும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் விருப்பப்பட்டவர்கள் மாறலாம் என்றார்கள், கெடு எதுவும் வைக்கவில்லை. அதற்கென அமைத்த வாரியத்தையும் 1982-ல் அதிபர் ரீகன் கலைத்துவிட்டார். அரிசோனாவில் டூசானிலிருந்து நொகாலஸ் போகும் நெடுஞ்சாலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் காட்டும் பலகைகள்தான் அந்தக் காலத்து ஞாபகம்.

நம் நாட்டில் அப்படி விடவில்லையே. 1956-ல் சட்டம், 1958 அக்டோபரில் ஆரம்பம், சில வருடங்களில் பழைய எடைக்கல்லுக்கே இடமில்லை. தாத்தா கடைசிவரை எதைக் கொடுத்தாலும் "இது எத்தனை வீசை?" என்று கேட்பார் என்பீர்களே. காசும் அப்போதுதான் மாறியது; கணக்குப்படி ஆறேகால் வரவேண்டிய ஒரு அணாவுக்கு ஆறு நயா பைசாதான் என்றதும், அந்தக் கால் பைசா எங்கே போனது என்று அவர் சண்டை போட்ட கதையும் சொல்வீர்கள். அந்தத் தலைமுறை திண்டாடித் தீர்த்ததால்தான் எனக்குக் கிலோ சுலபமாக இருந்தது. இங்கே யாருக்கும் அந்தத் திண்டாட்டம் வேண்டாம். அதனால் எல்லோருமே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திண்டாடுகிறார்கள். 1999-ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று இதில்தான் போனது. ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொரு தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாயை மிக நெருங்கிப்போய்த் தொலைந்தது.

என்னைக் கேட்டால் மருந்தில் முதலில் முழுசாக மாற வேண்டும். குழந்தைகளுக்கான திரவ மருந்தை ஸ்பூன் கணக்கில் சொல்லாதீர்கள், மில்லிலிட்டரில் மட்டும் சொல்லுங்கள் என்று இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2015-ல் சொல்லிவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பாட்டிலோடு மில்லிலிட்டர் கோடு போட்ட மூடி இருந்தது, நிம்மதி. அப்புறம் பள்ளி, புதிய வரைபடங்கள். சாலைப் பலகை கடைசியில் மாறட்டும். மரவேலை அதற்கும் பிறகு. ஆனால் தேதி குறிக்காமல் எதுவும் நடக்காது.

சரி, நாமும் சுத்தமில்லை. நிலத்துக்குச் சென்ட், வீட்டுக்குச் சதுர அடி, உயரத்துக்கு அடி. 41 என்றதும் பதறிய அம்மாவின் தெர்மாமீட்டரே ஃபாரன்ஹீட்தான், 100 தாண்டினால்தான் அவளுக்கு அது காய்ச்சல்!

ஜனவரியில் வரும்போது அம்மா கேட்ட அலமாரியை இரண்டு பேரும் சேர்ந்து செய்துவிடலாம். அதற்குள் சுவரை அளந்து எழுதுங்கள். இஞ்ச்சா சென்டிமீட்டரா என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். நூலில் எழுதினாலும் சரி, நான் போட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் மகன்