கணக்கு வாயிலில் தொடங்கட்டும்: வாகன உதிரிபாகப் பெருநிறுவனங்களின் கொள்முதல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் பட்டறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் மற்றவர்கள் இது தங்களைப் பற்றியதல்ல என்று ஒதுங்கிக்கொள்ளக்கூடும்; தவிர, நாளைக் காலையும் அந்த நிறுவனத்துக்கு எங்கள் வண்டி சரக்கு ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. சுற்றறிக்கை சொல்வது இதுதான்: வரும் காலாண்டு முதல் பில் பணம் பட்டுவாடா செய்வதற்கான தவணை 60 நாளிலிருந்து 90 நாளாகிறது. அந்த 90 நாளும் சரக்கு ஆலை வாயிலுக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணப்படாது; கிடங்கிலிருந்து எடுத்து அசெம்பிளி லைனில் பயன்படுத்திய நாளிலிருந்தே எண்ணப்படும். இதற்குச் சம்மதம் தெரிவித்தும், தாமதத்துக்கு வட்டி கோருவதில்லை என்று உறுதியளித்தும் ஒரு வாரத்துக்குள் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசி வரியில், நம் உறவு மேலும் வளர வாழ்த்துகளும் தெரிவிக்கப்பட்டிருந்தன.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, உங்கள் சட்டத் துறைக்குத் தெரியாததல்ல. இரு தரப்பும் எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அதன் 15ஆம் பிரிவு. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்து சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்றும் அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூடும் கூட்டு வட்டி, தர வேண்டும். ஆக, நான் அந்தத் தாளில் கையொப்பமிட்டாலும் அது சட்டத்தின் முன் நிற்காது என்பது கேட்டவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால், நான் ஒருபோதும் சட்டத்தின் முன் போய் நிற்கமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறார்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. சரக்கு உங்கள் வாயிலில் முத்திரை பெற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வந்து சேர வேண்டும். நாள் கணக்கை அதற்கு அப்பால் நகர்த்தும் சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற வேண்டும்.

எங்களுடையது சென்னை அம்பத்தூரில் இயங்கும் குடும்பத் தொழில். அப்பா பக்கத்து ஊரான பாடியில் ஒரு பெரிய ஆலையில் டர்னராக இருந்து, பின்னர் உலோகம் கடையும் பழைய லேத் ஒன்றை வாங்கி வாடகைக் கொட்டகையில் தனியாகத் தொடங்கினார். அக்காலத்தில் பெரும்பாலும் வாங்குகிற நிறுவனமே எஃகுக் கம்பியை அனுப்பிவிடும். நாங்கள் கடைந்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவோம். லேத்துக்குப் பின் ட்ராப் (Traub) என்னும் தானியங்கி லேத்துகள் வந்தன, அதன் பின் கணினி இயக்கும் சி.என்.சி. வந்தது. இன்று பிரேக் தொகுப்புகளில் பொருந்தும் புஷ்களும் பின்களும் செய்கிறோம். அம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த கணக்கைத் தம்பி மென்பொருளில் எழுதுகிறான். இயந்திரங்களின் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இதற்கிடையில் சத்தமில்லாமல் நடந்தது. எஃகை நாங்களே வாங்கித் தர வேண்டும் என்றானது. எஃகு வியாபாரி பெரும்பாலும் ரொக்கத்துக்கே சரக்கு தருகிறார். தொழிலாளிக்கு மாதம் பிறந்தால் சம்பளம். மின் கட்டணத்துக்குக் கெடு தேதி. எங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு மட்டும்தான் தேதி நழுவிக்கொண்டே போகிறது.

இது எங்கள் வளர்ச்சியை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை ஒரு கணக்கால் காட்ட விரும்புகிறேன். மாதம் 10 இலட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாதப் பில் 11.8 இலட்சம். 45 நாளில் பணம் வந்தால் எப்போதும் ஏறத்தாழ ஒன்றரை மாதப் பில், அதாவது 17.7 இலட்சம், வெளியே நிற்கும். சரக்கு உங்கள் கிடங்கில் ஒரு மாதம் தூங்கி, அதன் பின் 90 நாள் கழிந்து பணம் வந்தால் நான்கு மாதப் பில், அதாவது 47.2 இலட்சம், வெளியே நிற்கும். இடைவெளி 29.5 இலட்சம் ரூபாய். துணைக்கருவிகளோடு ஒரு நல்ல சி.என்.சி. லேத் வாங்க அந்தத் தொகை ஏறக்குறைய போதும். ஒரு பக்கச் சுற்றறிக்கையில் ஒரு பட்டறையின் அடுத்த இயந்திரம் போய்விடுகிறது.

வங்கியில் கடன் வாங்கிச் சமாளிக்கலாமே என்பீர்கள். நடைமுறை மூலதனக் கடனுக்கு வங்கி எங்களுக்கு வரவேண்டிய பாக்கிகளைப் பார்த்துத்தான் நாங்கள் எடுக்கக்கூடிய பணத்தின் வரம்பைக் கணக்கிடுகிறது. பொதுவாக 90 நாளைக் கடந்த பாக்கியை அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நீங்கள் தாமதிக்கத் தாமதிக்க எங்கள் பாக்கி பெருகும், வங்கி தரும் பணமோ குறையும். சென்ற ஆண்டு இப்போது வாங்குவதைப் போல் இரு மடங்கு அளவுக்கு ஓர் ஆர்டர் எங்களுக்கு வந்தது. சாம்பிள் தேறிவிட்டது, விலையும் ஒத்துவந்தது. ஆனால் இரு மடங்கு ஆர்டர் என்றால் இரு மடங்கு எஃகு, இரு மடங்கு சம்பளம், இரு மடங்கு வரி, எல்லாவற்றையும் நான்கு மாதம் எங்கள் கையிலிருந்து தாங்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்களிடம் கொள்திறன் இல்லை என்று எழுதி அனுப்பினோம். கொள்திறன் இருந்தது. இரண்டாம் ஷிப்டில் இயந்திரங்கள் சும்மாதான் நின்றன.

வரி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதம் உங்களுக்குப் பில் போட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அதற்கான ஜி.எஸ்.டி.யை நாங்கள் அரசுக்குக் கட்டிவிட வேண்டும். நாங்கள் கட்டும் அந்த வரியை நீங்கள் உள்ளீட்டு வரி வரவாக உடனே எடுத்துக்கொண்டு உங்கள் வரியைக் குறைத்துக்கொள்கிறீர்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டால் போதும் என்கிறது. ஆக, நீங்கள் எங்களுக்கு இன்னும் தராத பணத்துக்கான வரியை நாங்கள் கட்ட, அதன் பலனை நீங்கள் முதலில் அனுபவிக்கிறீர்கள். வாகன உதிரிபாகங்களுக்கு 28 விழுக்காடு வரி இருந்த காலத்தில் இந்தச் சுமை இன்னும் கனமாக இருந்தது. 2025 செப்டம்பரில் வரி 18 விழுக்காடாகக் குறைந்தபோது நிம்மதியாக இருந்தது உண்மை. அந்த நிம்மதியையும் இப்போது தவணை நீட்டிப்பு விழுங்கவிருக்கிறது.

குடும்பத் தொழில் என்பது எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு மட்டும் உரிய சொல்லன்று. இந்நாட்டின் வாகன உதிரிபாகத் தொழிலே பெரும்பாலும் குடும்பங்கள் கட்டியது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய தொழிலின் கிளைகள்தான் பிற்காலத்தில் பாடியில் ஆலைகளாக எழுந்தன. 1929இல் சென்னையில் வாகன விற்பனையோடு தொடங்கிய ரானே குழுமம் உதிரிபாக உற்பத்திக்கு வந்தது. 1975இல் ஒரு தாயும் மகனும் தொடங்கிய மதர்சன் இன்று உலகெங்கும் ஆலைகள் வைத்திருக்கிறது. பாடியில் அறுபதுகளில் போல்ட், நட்டு செய்யத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பியபோது, அந்தப் பெருமையில் அம்பத்தூரின் ஒவ்வொரு கொட்டகையும் பங்கு கொண்டது. இவற்றின் மீது இங்கே நான் எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஒரு குடும்பம் பாகம் செய்து வளர முடியும் என்பதற்கு இவை சான்று. அதற்காக மட்டுமே சொல்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் வளர்ந்த காலத்தில் இறக்குமதிக்குத் தடுப்புச் சுவர் இருந்தது, வெளிநாட்டுக் கூட்டாளிகள் தொழில்நுட்பம் தந்தார்கள். அந்தத் தாங்கல் எதையும் நாங்கள் கேட்கவில்லை. விற்ற சரக்குக்கு விலையை உரிய நாளில் கேட்கிறோம்.

ஜப்பானிடமிருந்து நீங்கள் கற்றதை எங்களுக்கும் கற்றுத் தந்தீர்கள். அதற்கு நன்றி சொல்லவே வேண்டும். 1998இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு பெற்ற பின், தரம் என்ற சொல் எங்கள் கொட்டகை வரை வந்தது. பட்டறை ஒழுங்குக்கு 5எஸ் பலகை மாட்டினோம், தேவைக்கேற்பச் சரக்கை நகர்த்தக் கான்பான் அட்டை வைத்தோம், சிறுசிறு மேம்பாடுகளைக் கெய்சன் என்று எழுதினோம், வாகனத் துறைத் தரத்துக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழுக்குச் செலவழித்தோம். அதே ஜப்பானில் 1956இல் துணை ஒப்பந்தக்காரர்களுக்கான சட்டம் ஒன்று வந்தது. சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம் தர வேண்டும், பரிசோதனை முடிந்ததா இல்லையா என்பது ஒரு பொருட்டல்ல என்றது அச்சட்டம். சரியான நேரத்தில் சரக்கு வர வேண்டும் என்ற பாடம் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. சரியான நேரத்தில் பணம் போக வேண்டும் என்ற பாடம் யோகோகாமாத் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது போலும்.

ஆண்டுதோறும் சப்ளையர் கூட்டம் நடத்துகிறீர்கள். நல்ல சாப்பாடு, சால்வை, கேடயம். எங்களிடமும் சில கேடயங்கள் உள்ளன. வங்கி மேலாளர் அவற்றைப் பார்த்துப் பாராட்டினாரே தவிர அடமானமாக ஏற்கவில்லை. சென்ற கூட்டத்தில் உங்களில் ஒருவர் மின்வாகனம் வந்துவிட்டது, சிறு நிறுவனங்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், புதிய இயந்திரங்களில் முதலீடு செய்யத் தயங்கக் கூடாது என்று நெடுநேரம் அறிவுரை கூறினார். பொன்னான அறிவுரை. மின்வாகனத்துக்குத் தேவைப்படாத பிஸ்டன் பின்னும் வால்வு பாகமும் செய்யும் பட்டறைகள் அதைக் கேட்டே ஆக வேண்டும். முதலீட்டுக்கான பணம் அவருடைய நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் ‘கொடுக்க வேண்டிய வணிகக் கடன்கள்’ என்ற தலைப்பின் கீழ் பத்திரமாக இருக்கிறது என்பதையும் அன்றே சொல்லியிருக்கலாம். உற்பத்தித் திறன் உயர்ந்திருக்குமே என்று ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்துக் கேட்கிறீர்கள். உயர்த்துவதற்கான இயந்திரத்தை எந்தக் காசில் வாங்குவது என்று நாங்கள் கேட்டால் பதில் வருவதில்லை. மன்னிக்கவும், மடலின் வரம்பை மீறுகிறேன். பணிவாகக் கேட்கவே எழுதத் தொடங்கினேன்.

தீர்வுகள் ஏட்டில் ஏராளம். தாமதமான பாக்கிகளை விசாரிக்கும் மாநில வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். முறையிட்ட மறுநாள் அடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் யாருக்குப் போகும் என்பதை உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், பில்லைக் காட்டி வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது; பதிவு செய்வதுதான் கட்டாயம், அங்கே எங்கள் பில்லை ஏற்பது உங்கள் விருப்பம். 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தால் அரையாண்டுக்கு ஒரு முறை நிறுவன விவகார அமைச்சகத்துக்குப் படிவம் தாக்கல் செய்கிறீர்கள். எங்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்பது உங்களுக்கும் அரசுக்கும் தெரிந்தே இருக்கிறது என்பதற்கு அந்தப் படிவமே அத்தாட்சி. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய பணத்தை உரிய காலத்தில் தராவிட்டால், உண்மையில் தரும் வரை அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்ற 43பி(எச்) விதி 2023-24 நிதியாண்டின் கணக்குக்கே நடைமுறைக்கு வந்தது. அப்போது மகிழ்ந்தோம். சில மாதங்களில் ஒரு கொள்முதல் அலுவலர் தொலைபேசியில், குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை விட்டுவிட்டால் ஆர்டர் தொடர்வது எளிது என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். எழுத்தில் கேட்டேன். தரவில்லை.

உங்கள் நெருக்கடியையும் நாங்கள் அறியாதவர்களல்லர். வாகனம் செய்யும் நிறுவனங்கள் உங்களிடமும் விலைக்குறைப்பும் தவணையும் கேட்கின்றன. அங்கிருந்து வரும் அழுத்தம் படிப்படியாக இறங்கிக் கடைசிப் படியில் நிற்கும் எங்கள் தலையில் முழுதாக விழுகிறது. உங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர வங்கிகள் வரிசையில் நிற்கின்றன. எங்களுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்தால்தான் கடன். இருவரில் யார் காத்திருந்தால் மொத்தச் செலவு குறையும் என்பதை உங்கள் நிதித் துறையே ஒரு மணி நேரத்தில் கணக்கிட்டுச் சொல்லிவிடும். எங்கள் வட்டிச் செலவும் கடைசியில் உங்கள் பாகத்தின் விலையில்தானே வந்து சேர்கிறது.

எனவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது: அந்தச் சுற்றறிக்கையையும் அதைப் போன்றவற்றையும் திரும்பப் பெறுங்கள். சரக்கு வாயிலில் பதிவான தேதியையே தொடக்கமாகக் கொண்டு 45 நாளுக்குள் பணம் தாருங்கள். தரத்தில் குறையிருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம். இவற்றை அடுத்த காலாண்டின் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அச்சிட்டுத் தந்தால் போதும், தனிச் சுற்றறிக்கை தேவையில்லை. உறுதிமொழித் தாளைக் கையொப்பமிடாமல் இந்த மடலின் நகலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்; பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை